அத்தானின் லத்தீன்

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்த்த இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வால்வு' என்றுதான் சொல்வார்கள். நகரத்துக் குடிநீர்த் துறையில் வேலை. தெருத்தெருவாகப் போய், தரைக்கடியில் இருக்கும் வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பினாலே வீடுகளில் வாளிகள் நகர ஆரம்பிக்கும். அவருக்கும் அந்தப் பெயரில் கூச்சம் கிடையாது. போனை எடுத்தால் "வால்வு பேசறேன்" என்பார்.

அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பல் டாக்டரிடம் கூட்டிப்போய்க் காத்திருந்த இடத்தில், கையில் கிடைத்த ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். அதில் ஒரு படம். ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே, கல் வளைவுகள் மேல் கல் வளைவுகள், அதற்கும் மேலே இன்னொரு வரிசை. உச்சியில் ஒரு வாய்க்கால். ரோமானியர்கள் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது என்று கீழே போட்டிருந்தது.

"இதுல பம்பு எங்க இருக்கு?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, "எனக்குப் பல்லு போகுது, உங்களுக்குப் பம்பா?" என்றாளாம்.

பம்பு இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டார். மலையிலிருந்து ஊர்வரைக்கும் சரிவு ஒன்றுதான். கண்ணுக்கே தெரியாத சரிவு. கொஞ்சம் கூடினால் தண்ணீர் வாய்க்காலை அரித்துவிடும், கொஞ்சம் குறைந்தால் தேங்கிவிடும். வாழ்நாள் பூராவும் பம்பு ஓடவில்லை, கரண்ட் இல்லை, அழுத்தம் போதவில்லை என்று ஜனங்களிடம் ஏச்சு வாங்கிய மனுஷனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தால் அதே பேச்சு. என்னிடம் சொன்னார், அக்காவிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார். எங்களுக்கெல்லாம் அலுத்துப்போனது. அவருக்கு அலுக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் காலையில் நடக்கப் போவார்கள், பேப்பர் படிப்பார்கள். அத்தான் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார். பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகம். மூன்று வருஷப் பட்டப்படிப்பு.

நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். பயிற்சிக் காரில்தான் அவரை நேர்முகத் தேர்வுக்குக் கூட்டிப்போனேன். வெளியே வந்தவர் முகத்தில் சிரிப்பு.

"ஏன் சார் இந்தப் படிப்புன்னு கேட்டாங்க, மாப்பிள்ளை. தண்ணி எப்படி வந்துச்சுன்னு தெரியணும்னேன். அதுக்கு ஒரு புத்தகம் வாங்கிப் படிச்சாப் போதுமேன்னாங்க. அந்தப் புத்தகத்தை அவன் எந்த மொழியில எழுதினானோ அந்த மொழியிலயே படிக்கணும்னேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க."

அந்தத் துறைக்கு வேறு இடம் கிடைக்காத பிள்ளைகள்தான் வருவார்கள் போலிருக்கிறது. மார்க்கு குறைந்தவர்கள், வீட்டில் ஏதாவது ஒரு டிகிரி வாங்கு என்று தள்ளிவிட்டவர்கள். அவர்களுக்கு நடுவில் முன்பெஞ்சில் வழுக்கைத் தலையோடு அத்தான். பேர் எப்படியோ அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. 'வால்வு அங்கிள்' என்றார்கள்.

லத்தீன் சொல்லிக்கொடுத்தவர் அத்தானைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஒல்லியான பெண். சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே பாடம் நடத்துவாராம். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். முதல் பாடத்திலேயே ஒரு வினைச்சொல்லை எழுதிப்போட்டு ராகம் போட்டுச் சொல்லவைத்தார். போர்ட்டோ, போர்ட்டாஸ், போர்ட்டாட், போர்ட்டாமுஸ், போர்ட்டாட்டிஸ், போர்ட்டான்ட்.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாப்பிள்ளை, இது அப்படியே நம்ம பாஷை மாதிரி. போர்ட்டோன்னா சுமக்கிறேன். நான்னு தனியாச் சொல்லவே வேணாம். சொல்லோட வாலைப் பார்த்தாலே யாருன்னு தெரிஞ்சுடும். சுமக்கிறேன், சுமக்கிறாய், சுமக்கிறான். அவ்வளவு தூரத்துல உட்கார்ந்துகிட்டு நம்மள மாதிரியே பேசியிருக்கான் பாரு."

"அவங்க பேசினது இருக்கட்டும், கடைக்குப் போய்ட்டு வரச் சொன்னேனே, போனீங்களா?" என்றாள் அக்கா.

அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நாள் பூராவும் நின்றுவிட்டு வந்து கால் வலியோடு சமைப்பாள். அவள் சமைக்க, இவர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாடம் ஒப்பிப்பார். அவள் கேட்பதுபோலவே இருக்காது. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் லத்தீன் படிக்கிறார். உங்க டாக்டர் எழுதறதெல்லாம் அவர் படிச்சிடுவார்" என்று அவள் பெருமையடித்ததை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். டாக்டர் எழுதுவது லத்தீனும் இல்லை, அதை யாராலும் படிக்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

ரோமாபுரியில் தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்த ஒரு அதிகாரி, ஊரில் குழாயை ஓட்டை போட்டுத் திருட்டுத்தனமாகத் தண்ணீர் எடுக்கிறவர்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறாராம். அதைப் படித்த அன்று அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய ஆபீசுக்கே போய்விட்டார். "டேய், அப்பவே திருட்டு கனெக்‌ஷன்டா. அப்பவே நம்ம ஆளுங்களும் அதுக்கு உடந்தைடா" என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னாராம்.

கிரேக்க நாடகங்கள்தான் அவருக்கு ஒத்துவரவில்லை. இன்னது நடக்கப்போகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், எல்லாரும் அதைத் தடுக்க ஓடுகிறார்கள், கடைசியில் அதுவேதான் நடக்கிறது. "இவ்வளவு பேர் இருக்காங்க, ஒருத்தன்கூட முன்னாடியே வால்வை மூடமாட்டானா மேடம்?" என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் சிரித்தார்களாம். மேடம் சிரிக்கவில்லையாம். "அதான் சார் அவங்க கேள்வியும்" என்றாராம்.

மூன்றாவது வருஷம். லத்தீனில் அத்தான்தான் வகுப்பில் கெட்டி. அதனால் முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நேரத்தை அவ்வப்போது அவரிடமே மேடம் விட்டுவிடுவார். அன்றும் அப்படித்தான். அத்தான் பலகையில் போர்ட்டோவை எழுதிப்போட்டு, கையைத் தூக்கித் தாளம் போட்டுக்கொண்டு சொல்ல, பிள்ளைகள் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

சாக்பீஸ் கீழே விழுந்தது. அத்தான் குனிந்து எடுக்கப் பார்த்தார். வலது கை அதன் மேல் படுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. நிமிர்ந்து, "போர்ட்டாஸ்" என்றார். பிள்ளைகள் "போர்ட்டாஸ்" என்றார்கள். மறுபடியும் "போர்ட்டாஸ்" என்றார். பிள்ளைகளும் மறுபடி சொன்னார்கள். மூன்றாம் முறை சொன்னபோது அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் மேடம் தலையைத் தூக்கினார். அதற்குள் அத்தான் பலகையில் சாய்ந்து, எழுதியதையெல்லாம் சட்டையால் துடைத்துக்கொண்டே கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா கடை யூனிபாரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். நர்ஸ் கொண்டுவந்த மருந்துகளைப் பார்த்து ஒவ்வொன்றும் எதற்கு என்று அக்கா எனக்கு விளக்கினாள். இது ரத்தம் உறையாமல் இருக்க, இது பிரஷருக்கு, இது வயிறு புண்ணாகாமல் இருக்க. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, கடையில் நின்று சொல்வதுபோல. சொல்லி முடித்ததும், "எல்லாமே தெரியுதுடா, ஒண்ணும் பண்ண முடியலையே" என்றாள்.

உயிர் தப்பிவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு வருமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்கள். சில நாள் கழித்து அத்தான் வாயைத் திறந்தார். அக்கா அவர் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"போர்ட்டோ, போர்ட்டாஸ், போர்ட்டாட்" என்றார். தெளிவாக, குழறல் இல்லாமல்.

அக்கா சீப்பைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடிவந்தாள். "பேசிட்டாருடா, பேசிட்டாரு." நானும் ஓடினேன். ஒரு வார்த்தை பேசுங்கள் அத்தான் என்றேன். அதையே சொன்னார். அக்கா பேரைச் சொல்லுங்கள் என்றேன். அதையே சொன்னார். என்னைத் தெரிகிறதா என்றேன். தலையை ஆட்டினார், கண்ணில் அடையாளம் தெரிந்தது. வாயில் மட்டும் போர்ட்டாமுஸ், போர்ட்டாட்டிஸ். சொல்லும்போதே, இது இல்லை, நான் சொல்ல வந்தது இது இல்லை என்பதுபோல இடது கையால் வாயைத் துடைத்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் பொறுமைசாலி. எங்களை உட்காரவைத்து விளக்கினார். "அவருக்குப் புரியுது. சொல்ல வேண்டியதும் உள்ள இருக்கு. ஆனா வார்த்தையை எடுத்துக் கோக்கிற இடம் அடிபட்டிருக்கு. வரிசையா மனப்பாடம் பண்ணினது மட்டும் சிலருக்கு அழியாமத் தப்பிச்சிடும். சிலர் ஒண்ணு ரெண்டு எண்ணுவாங்க, சிலர் கிழமை சொல்லுவாங்க. சிலருக்கு, அந்த நேரத்துல வாயில இருந்தது அப்படியே தங்கிடும்னும் சொல்வாங்க. உறுதியாச் சொல்ல முடியாது."

"எப்போ சரியாகும்?" என்றாள் அக்கா.

"பயிற்சி கொடுப்போம்மா" என்றார் அவர். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். படம் போட்ட அட்டைகள் கொடுத்திருந்தார்கள். டம்ளர், கட்டில், மின்விசிறி, கழிப்பறை. வேண்டியதைத் தொட்டுக்காட்ட வேண்டும். சில நாள் தொடுவார். சில நாள் அட்டைகளைத் தள்ளிவிடுவார். டம்ளரைத் தொட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்தால் முகத்தைத் திருப்புவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தார். எதையோ கேட்கிறார். போர்ட்டோ, போர்ட்டாஸ் என்று கெஞ்சினார். பிறகு அதட்டினார். பிறகு மெல்ல, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜன்னலைத் திறந்தோம், மூடினோம். கண்ணாடி கொடுத்தோம், செருப்பு கொடுத்தோம், அவருடைய புத்தகங்களை மடியில் வைத்தோம். அலமாரியில் இருந்ததை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள் அக்கா. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். மத்தியானத்துக்கு மேல் அவரே ஓய்ந்துபோய்ச் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்ன கேட்டார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "அந்த மேடத்துக்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போ. இவர் பேசற பாஷை எனக்குத் தெரியணும்."

"அக்கா, அது பேச்சு இல்லன்னு அந்தப் பயிற்சிக்காரர் சொன்னாரே."

"அவருக்கு லத்தீன் தெரியுமா? தெரியாதுல்ல. வா."

துறை அறை சின்னதாக இருந்தது. சுவரில் உடைந்த சிலைகளின் படங்கள், மேஜையெல்லாம் தாள்கள். மேடம் எழுந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா போனை எடுத்து, அத்தான் பேசியதைப் பதிவு செய்திருந்ததைப் போட்டுக்காட்டினாள். கெஞ்சியது, அதட்டியது, மெல்லச் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. மேடம் கேட்டு முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சுமக்கிறேன், சுமக்கிறாய், சுமக்கிறான். சுமக்கிறோம், சுமக்கிறீர்கள், சுமக்கிறார்கள். அவ்வளவுதாம்மா."

"என்னத்தைச் சுமக்கிறாராம்?"

"அது பாடம்மா. முதல் பாடத்துல வர்ற வினைச்சொல். எல்லாருக்கும் அதைத்தான் முதல்ல சொல்லித் தருவோம்."

"ஏன் அந்த வார்த்தை? வேற வார்த்தை இருக்குமில்ல?"

"எளிமையா இருக்கும்னுதான்" என்றார் மேடம். "வேற வார்த்தையை வச்சுச் சொல்லிக்கொடுத்திருந்தா இப்ப அதைச் சொல்லிட்டிருப்பார். அதுல அர்த்தம் தேடாதீங்கம்மா."

அக்கா சரி என்று தலையாட்டினாள். ஆனால் காரில் வரும்போது, "சுமக்கிறோம்னு வர்றது எதுடா?" என்று கேட்டாள். போர்ட்டாமுஸ் என்றேன். அதற்குப் பிறகு அத்தான் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தாள். எனக்குப் போன் பண்ணுவாள். "இன்னைக்கு என்னைப் பார்த்து, சுமக்கிறாய்லயே நிறுத்திட்டாருடா." இன்னொரு நாள், "கடைசி வரைக்கும் போயிட்டாரு. சுமக்கிறார்கள்னா யாரைச் சொல்றாரு? உன்னையா, ஆஸ்பத்திரிக்காரங்களையா?" நான் என்ன சொல்வது? மேடம் சொன்னதை ஞாபகப்படுத்தினால் அவள் முகம் வாடிவிடும். நானும் சேர்ந்து யோசித்தால் அது பொய். ஒவ்வொரு தடவையும், "இருக்கலாம்க்கா" என்று மட்டும் சொல்லிவைப்பேன்.

அவரோடு படித்த பிள்ளைகள் ஒரு நாள் கூட்டமாக வந்தார்கள். சுவரோரமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அத்தான் அவர்களைப் பார்த்ததும் போர்ட்டோ என்று ஆரம்பித்தார். ஒரு பெண் சட்டென்று போர்ட்டாஸ் என்றாள். இன்னொரு பையன் அடுத்ததைச் சொன்னான். பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சின்ன ஹாலில் ஒரே முழக்கம். அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை மாசத்தில் நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை. இடது கையைத் தூக்கித் தாளம்கூடப் போட்டார். நானும் கைதட்டினேன்.

பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. நிறுத்தினார்கள். அத்தான் நிறுத்தவில்லை. அவர்கள் மறுபடியும் ஒரு சுற்றுச் சொன்னார்கள். அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. ஆரம்பித்துவைத்த அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டீ குடியுங்கள் என்றேன். அக்காவைத் தேடிச் சமையலறைக்குப் போனால், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின டம்ளர்களையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளுக்குப் பிறகுதான் மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. புதிய வருஷம் தொடங்கியதும் முதல் வகுப்புக்கு அத்தானைக் கூட்டிவரச் சொன்னார். பழைய இடம், பழைய சத்தம், ஏதாவது ஒரு கதவு திறக்கலாம் என்றார். பேச்சுப் பயிற்சிக்காரரைக் கேட்டோம். கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். அக்கா அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுவிட்டாள். அவர் காலேஜுக்குக் கொண்டுபோகிற பையை எடுத்து மடியில் வைத்தாள். காரில் அத்தான் பையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முன்பெஞ்சில் உட்காரவைத்தோம். நானும் அக்காவும் சுவரோரம் நின்றோம். எல்லாம் புதுப் பிள்ளைகள். மேடம் அத்தானை அறிமுகம் செய்துவிட்டு, பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லச் சொன்னார். போர்ட்டோ. வகுப்பு சொன்னது. அத்தானும் சொன்னார். அவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கணீரென்று நின்றது. தப்பே இல்லை. பின்னால் இருந்த பிள்ளைகள் எட்டி எட்டி அவரைப் பார்த்தார்கள். இந்த மனுஷனுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மேடம் அடுத்த சொல்லுக்குப் போனார். நடப்பது என்று அர்த்தமாம். வகுப்பு அதைச் சொன்னது. அத்தான் போர்ட்டோவையே சொன்னார். மேடம் அவர் பக்கத்தில் வந்து நின்று, அவர் முகத்துக்கு நேராக வாயை அசைத்துப் புதுச் சொல்லைச் சொன்னார். அத்தான் அந்த வாயையே கூர்ந்து பார்த்தார். உதட்டை அதேமாதிரிக் குவித்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது. வந்தது போர்ட்டோதான்.

"பரவாயில்ல சார், இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதுவே. வகுப்பு நின்றுபோய்விட்டது. பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். அத்தான் குரலை உயர்த்தினார், வரிசையை முழுசாகச் சொல்லி முடித்து மறுபடி ஆரம்பித்தார், மேஜையை அடித்தார். மேடம் இரண்டு கையையும் எதற்காகவோ தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். அக்கா போய் அத்தான் தோளைத் தொட்டு, "வாங்க, போகலாம்" என்றாள். அவர் எழுந்திருக்கமாட்டேன் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நானும் அக்காவும் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரை வெளியே கொண்டுவந்தோம்.

தாழ்வாரத்தில் மேடம் பின்னாலேயே ஓடிவந்தார். "என் தப்பும்மா, நான் கூப்பிட்டிருக்கக்கூடாது" என்றார். அக்கா, "நீங்க என்ன பண்ணுவீங்க மேடம், போய்ப் பாடம் நடத்துங்க, பசங்க காத்திருக்காங்க" என்றாள்.

அப்புறம் நாங்கள் அங்கே போகவில்லை. மேடம் விடுமுறை நாட்களில் வீட்டுக்கு வந்து அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்காட்டுவார். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும் அதுவும் நின்றது. பேச்சுப் பயிற்சியும் ஒரு கட்டத்துக்கு மேல் போகவில்லை. ஊன்றுகோல் வைத்து ஹாலுக்குள் நடக்கிற அளவுக்குக் கால் தேறியது, அதோடு சரி. அக்கா மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாள். நிறுத்துகிற இடத்தைக் கவனிப்பதையும் எப்போதோ விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் அவர் அந்த வரிசையைச் சொல்லும்போது, "ஆமாங்க", "சரிங்க", "அப்படியா?" என்று வேலை பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறாள். வெளியிலிருந்து கேட்டால் இரண்டு பேரும் ஏதோ குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று வாரத்தில் ஓரிரு நாள் அத்தானைப் பயிற்சிக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறேன். ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதலில் அவரைக் கண்டால் பயம், பிறகு பழகிவிடும். போன வாரம் ஒரு பேங்க்காரப் பெண் வண்டி ஓட்டினாள். சிக்னலில் திடீரென்று பிரேக் போட்டாள். பின்னாலிருந்து அத்தான் நீளமாகச் சொன்னார், ஆறையும் வரிசையாக, ஏதோ அவசரம் போல.

"என்ன சார் சொல்றாரு?" என்றாள் அந்தப் பெண்.

"பிரேக்கை மெதுவா அழுத்தச் சொல்றாரு."

அவள் "ஸாரி அங்கிள்" என்றாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

"ஜன்னலா அத்தான்? ஏசி வேணுமா?"

இல்லை.

"வீட்டுக்குப் போகணுமா?"

இல்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், சிக்னல் மாறியிருந்தது. அந்தப் பெண் பதறி வண்டியை எடுத்தாள், அது குலுங்கி நின்றது, மறுபடி எடுக்கச் சொல்லிக் கியரைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அத்தான் கேட்பதை விட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.